அறுமீனை உண்டாக்கியவர்



தொலைநோக்கி தோன்றுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே மெசொப்பொத்தாமியர் வானத்தை நுணுகிக் கவனித்தனர். ‘முல் அபின்’ என்னும் அவர்களுடைய களிமண் பலகைகள் விண்மீன்கள் உதிக்கும் நாட்களைக் குறிக்கின்றன. சந்திரனின் பாதையிலுள்ள விண்மீன் கூட்டங்களில் அவை முதலாவதாகச் சொல்வது அறுமீனையே. ஆயினும் அந்த அறிவு வழிபாட்டோடு பின்னிக் கிடந்தது. சூரியன் ‘ஷமாஷ்’ என்றும் சந்திரன் ‘சின்’ என்றும் தெய்வங்களாய்த் தொழப்பட்டன.

இஸ்ரவேலரும் இதற்குத் தப்பவில்லை. சூரியனுக்கும் சந்திரனுக்கும் தூபங்காட்டினவர்களை யோசியா ராஜா அகற்றினான் என்று 2 இராஜாக்கள் 23:5 கூறுகிறது. பின்பு, கி.மு. 586 அளவில் எருசலேம் இடிந்தது. ஜனங்கள் பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனார்கள். வென்றவனின் தெய்வங்களே வானத்தை ஆளுகின்றன என்று எண்ணத் தோன்றும் காலம் அது.

வேதத்தின் கவிஞர்களோ வானத்தை வெறுக்கவுமில்லை, வணங்கவுமில்லை. ஆதியாகமம் முதல் அதிகாரம் சூரியனையும் சந்திரனையும் பெயர் சொல்லி அழைப்பதில்லை. பெரிய சுடர், சிறிய சுடர் என்பதோடு சரி. அவையும் நான்காம் நாளில்தான் உண்டாகின்றன. சூரியனைக் குறிக்கும் எபிரெயச் சொல்லாகிய ‘ஷெமெஷ்’, ‘ஷமாஷ்’ என்பதன் உறவுச்சொல் என்பதை நினைத்தால், அந்த மௌனத்தின் பொருள் விளங்கும். மேய்ப்பனாகிய ஆமோஸ், அறுமீனையும் மிருகசீரிஷத்தையும் உண்டாக்கியவரைத் தேடும்படி அழைக்கிறான் (5:8). யோபு 38-ஆம் அதிகாரத்தில் கர்த்தரே அவ்விரண்டையும் சுட்டி யோபுவை வினவுகிறார். துன்பத்தின் காரணம் கேட்டவனுக்குக் கிரகபலன் சொல்லப்படவில்லை; கிரகங்களை நடத்துகிறவர் தாமே அவனோடு பேசினார்.

எபிரெய மொழியின் ‘கீமா’வுக்கு நம் மொழிபெயர்ப்பாளர் ‘அறுமீன்’ என்னும் பழந்தமிழ்ச் சொல்லைத் தெரிந்துகொண்டனர். நிறைமதி அறுமீனைச் சேரும் இரவில் தெருக்களில் விளக்கேற்றும் விழாவை அகநானூறு 141-ஆம் பாடல் பாடுகிறது. சங்கப் புலவர் விழாவின் அடையாளமாய்க் கண்ட அதே மீன்கள், தமிழ் வேதாகமத்தில் சிருஷ்டிகருக்குச் சாட்சியாய் நிற்கின்றன.

பிள்ளையின் திருமணம் தள்ளிப்போகும்போதும் தொழில் நொடியும்போதும், மறைவாய் ஜாதகத்தை எடுத்துக்கொண்டு போகிறவர்கள் நம் சபைகளிலும் உண்டு. அவர்களைக் கடிந்துகொள்வதற்கு முன், அவர்களுடைய பயத்தை நாம் அறிய வேண்டும். சிறையிருப்பில் இருந்தவர்களின் பயமும் அதுவே. மேகமில்லாத ஓர் இரவில் அவர்களோடு நின்று அறுமீனைக் காட்டுங்கள். யோபு 38-ஐச் சேர்ந்து வாசியுங்கள். நம் நாட்கள் அந்த மீன்களின் கையில் இல்லை. அவற்றை உண்டாக்கியவரின் கரத்தில் இருக்கின்றன.

அவருக்கே மகிமை உண்டாவதாக. ஆமென்.