ஆட்டிசமும் எழுத்துவழி இணைய உரையாடலும்

ஆட்டிசம் உள்ளவர்களுள் பலர் நேரில் பேசுவதைவிட இணையத்தில் எழுதிப் பேசுவதை எளிதாகக் கருதுகிறார்கள். அவர்கள் மனிதர்களைத் தவிர்த்துக் கணினியிடம் ஒதுங்குகிறார்கள் என்பது இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம். ஆய்வுகள் அதை ஆதரிக்கவில்லை. எழுத்தில் முகம், குரல், உடனே பதில் சொல்லியாக வேண்டிய அவசரம் மூன்றும் விலகுகின்றன. அப்போது எழுதுபவரின் சிரமம் குறைவதோடு, எதிரில் இருப்பவரின் மதிப்பீடும் மாறுகிறது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013இல் வெளியிட்ட டிஎஸ்எம்-5 கையேடு, கண்ணோடு கண் நோக்குவது, சைகை, முகபாவம் ஆகியவற்றில் காணும் குறைபாட்டை ஆட்டிசத்தைக் கண்டறியும் அளவுகோல்களுள் ஒன்றாக வைத்திருக்கிறது. குறுஞ்செய்தியில் இவை எவருக்குமே இல்லை.

எழுத்தில் மதிப்பீடு மாறுகிறது என்பதற்கு வலுவான சான்று, நோவா சாசனும் அவருடன் பணியாற்றியவர்களும் 2017இல் ‘சயின்டிஃபிக் ரிப்போர்ட்ஸ்’ இதழில் வெளியிட்ட ஆய்வு. ஆட்டிசம் உள்ள 20 பேர், இல்லாத 20 பேர் பேசியதிலிருந்து சில நொடித் துணுக்குகளை எடுத்து, அவர்களை அறியாதவர்களிடம் மதிப்பிடக் கொடுத்தார்கள். சிலருக்குக் காணொளி, சிலருக்கு ஒலி மட்டும், சிலருக்கு அசையாப் படம், சிலருக்குப் பேச்சின் எழுத்து வடிவம். முகமோ குரலோ எட்டிய இடங்களிலெல்லாம் ஆட்டிசம் உள்ளவர்களைப் பற்றிய முதல் எண்ணம் சாதகமாக இல்லை. அவர்களோடு பழகும் விருப்பமும் குறைந்தது. எழுத்தை மட்டும் படித்தவர்களிடம் இந்த வேறுபாடு காணப்படவில்லை. சொன்ன செய்தி ஒன்றே என்பதால், சிக்கலின் ஒரு பகுதியைக் கேட்பவரிடம்தான் தேட வேண்டியிருக்கிறது. ஆட்டிசம் உள்ள பிரிட்டிஷ் சமூகவியலாளர் டேமியன் மில்டன், புரிந்துகொள்ளத் தவறுவது இரு தரப்பிலும் நிகழ்கிறது என்று 2012இலேயே வாதிட்டிருந்தார். கேத்தரின் கிராம்ப்டன் குழுவின் 2020 ஆய்வில், ஆட்டிசம் உள்ளவர்கள் தமக்குள் ஒருவர் மாற்றி ஒருவராகச் சொன்ன கதை, மற்றவர்கள் தமக்குள் சொன்ன அளவுக்கே சிதையாமல் சென்றது. இரு சாராரும் கலந்த வரிசைகளில்தான் அதிகம் தேய்ந்தது. அதே குழு 2025இல் 311 பேரைக் கொண்டு செய்த பெரிய ஆய்வில், கலந்த வரிசைகளிலும் அந்தத் தேய்வு தென்படவில்லை. ஆகவே கலப்பால் இழப்பு என்ற முடிவைக் கைவிடலாம். ஆட்டிசம் உள்ளவர்களுக்குச் செய்தி கடத்தும் திறன் குறைவு என்ற எண்ணத்துக்கு இரண்டு ஆய்வுகளுமே இடம் தரவில்லை.

எழுத்தில் தொனி இல்லை, சொல்லை நேர்ப்பொருளில் எடுத்துக்கொள்பவர்கள் கிண்டலில் இன்னும் மோசமாக இடறுவார்களே என்ற மறுப்பு உண்டு. நியாயமான ஐயம்தான். ஆனால் எழுத்தில் எல்லாருமே இடறுகிறார்கள். ஜஸ்டின் குரூகரும் நிக்கோலஸ் எப்லியும் பிறரும் 2005இல் வெளியிட்ட சோதனையில், மின்னஞ்சலில் எழுதியது கிண்டலா இல்லையா என்பது 78 விழுக்காடு புரிந்துவிடும் என்று எழுதியவர்கள் நம்பினார்கள். புரிந்தது 56 விழுக்காடுதான், அதாவது நாணயத்தைச் சுண்டிப் பார்ப்பதைவிடச் சற்றே மேல். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஸ்காட் ஃபால்மன் 1982இல் நகைக்குறியை முன்மொழிந்ததும் வேடிக்கையை வினையாக எடுத்துக்கொள்ளாதிருக்கத்தான். இன்று வாக்கியத்தின் இறுதியில் சாய்கோடும் சில எழுத்துகளும் இட்டு ‘இது கிண்டல்’, ‘இது உண்மை’ என்று அறிவிக்கும் தொனிக்குறிகள், ஆட்டிசம் உள்ளவர்களுக்கு உதவும் வழக்கமாகப் பேசப்படுகின்றன. நேர்ப்பேச்சில் குறிப்பால் உணர்த்தியதை இங்கே வெளிப்படையாக எழுதிவிடுகிறார்கள்.

எழுத்து எல்லாருக்கும் வசதியன்று. டிஸ்லெக்சியா என்னும் வாசிப்புச் சிரமம் உள்ளவருக்கு நீண்ட செய்தியே சுவர். குரல்பதிவு அவருக்கு எளிது. கவனக்குறைவு மிகையியக்கம் (ஏடிஎச்டி) உள்ளவருக்கோ, ‘பிறகு எழுதலாம்’ என்று விட்ட பதில் பல நாள் கிடந்துபோகலாம். செய்தி படிக்கப்பட்டதைக் காட்டும் நீலக் குறியைப் பார்த்துக் காத்திருப்பவர் அதை அலட்சியம் என்று படிப்பார். மேலும், இணைய ஆய்வுகள் பெரும்பாலும் எழுதப் படிக்கத் தெரிந்து, இணையத்தில் ஏற்கெனவே புழங்குபவர்களையே அணுகுகின்றன. அறிவுத்திறன் குறைபாடும் சேர்ந்தவர்கள் கணக்கில் மிகக் குறைவு. காணொளி அழைப்பு பரவியபின் கண்ணோடு கண் நோக்குவதும் உடனடிப் பதிலும் திரும்ப வந்துவிட்டன. ஆகவே ‘இணையம் உதவுகிறது’ என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வதற்கில்லை. எந்த வடிவம், யாருக்கு என்று பிரித்தே பேச வேண்டும்.

முகத்தை மறைத்தால்தான் மதிப்பு என்றால் அது ஏற்பாகுமா, ஒளிவதாகாதா என்ற கேள்வி இவற்றைவிடக் கடினமானது. ஆட்டிசம் உள்ள மெல் பேக்ஸ் 2007இல் யூடியூபில் வெளியிட்ட ‘இன் மை லாங்வேஜ்’ காணொளியை இங்கே கருதலாம். அதன் முதற்பகுதியில் சொற்களே இல்லை: பேக்ஸ் முனகுகிறார், அசைகிறார், பொருள்களைத் தொடுகிறார், முகர்கிறார். பிறகு அவர் தட்டச்சு செய்ததைக் கணினிக் குரல் வாசிக்கிறது. முன்னர் கண்டவை தம்மைச் சூழ்ந்த உலகோடு தாம் நடத்தும் உரையாடல் என்கிறார். அதை அர்த்தமற்றதாகக் கருதிவிட்டு, தட்டச்சு செய்யும்போது மட்டும் தம்மைச் சிந்திப்பவராக ஏற்பவர்களை அவர் சாடுகிறார்.