இப்னு ஜுபைர்: கண்டதை மறைக்காத பயணி

இப்னு பதூதாவை நம் ஊரில் அநேகமாக எல்லோருக்கும் தெரியும். அவருக்கு ஒன்றரை நூற்றாண்டு முன்பே மத்தியதரைக் கடலைச் சுற்றிவந்து எழுதியவர் இப்னு ஜுபைர்.

ஸ்பெயினின் கிரனடாவில் ஆளுநரின் செயலாளராக இருந்த அவர், 1183 பெப்ரவரியில் ஹஜ்ஜுக்குப் புறப்பட்டார். சிலுவை யுத்தங்களின் காலம் அது. ஆனாலும் அவர் ஏறியது ஜெனோவா கிறிஸ்தவர்களின் கப்பல். சுமார் 30 நாட்களில் அலெக்ஸாந்திரியா போய்ச் சேர்ந்தார்.

அங்கே முஸ்லிம் சுங்க அதிகாரிகளே ஹாஜிகளின் மூட்டைகளைக் கிளறி, இடுப்பில் கைவிட்டுச் சோதித்து, ஸகாத் என்று பணம் வாங்கினார்கள். சுல்தான் ஸலாஹுத்தீனைப் பெரிதும் மதித்தவர்தான். அதற்காக இந்த அநியாயத்தை எழுதாமல் விடவில்லை.

திரும்பி வரும்போது, 1184 டிசம்பரில், சிசிலியின் மெஸ்ஸினா அருகே கப்பல் உடைந்தது. கரை சேர்க்கப் படகுக்காரர்கள் பெருங்கூலி கேட்டார்கள். காசில்லாத ஏழை முஸ்லிம்கள் கப்பலிலேயே தவித்தார்கள். அவர்களை இறக்க 100 நாணயங்கள் கொடுக்கச் சொன்னவர் கிறிஸ்தவ மன்னர் இரண்டாம் வில்லியம். அதையும் அப்படியே எழுதிவைத்தார்.

நம்மவரின் குறையும் மற்றவரின் நன்மையும் ஒரே புத்தகத்தில் இருப்பதால்தான் 800 வருடங்களுக்குப் பிறகும் அவர் பேச்சை நம்புகிறோம்.

நம் ஊரிலிருந்து கப்பலில் ஹஜ் போனவர்களில் இன்று இருப்பவர்கள் மிகச் சிலர். இந்த வாரமே அவர்களிடம் போய்க் கேளுங்கள். இனிப்பையும் கசப்பையும் சேர்த்தே எழுதிவையுங்கள்.