இருபது மில்லிமீட்டர் வரலாறு

ராஜபாளையத்துப் பழைய வீடொன்றில் சமையலறை இழுப்பறையின் பித்தளைக் கைப்பிடி உடைந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கடையில் புதிது வாங்கி வந்து மாட்டப் போனால் திருகாணி துளைக்கு நேராக வராது. பழைய கைப்பிடியின் இரு துளைகளுக்கு நடுவே மூன்று அங்குலம், அதாவது 76 மில்லிமீட்டர். புதியதில் 96. இடையில் இருக்கும் இருபது மில்லிமீட்டருக்கு ஒரு வரலாறு உண்டு.

நம் சமையலறையில் இழுப்பறை ஆதியிலிருந்து இருந்ததில்லை. சுவரில் மாடம், தலைக்கு மேல் பரண், உத்தரத்தில் உறி, அடுப்பருகே அஞ்சறைப்பெட்டி: பொருள் வைக்க இவை போதும். அலமாரி, மேசை, சாவி ஆகிய மூன்றும் போர்த்துக்கீசியச் சொற்கள். 16ஆம் நூற்றாண்டில் முத்துக்குளித்துறைக்கு வந்தவர்களோடு கரையேறியவை. ஆனால் கீல், கொண்டி, நாதாங்கி, தாழ் எல்லாம் நம்முடையவை. இழுப்பறைதான் புதிது, தச்சு வேலை புதிதல்ல. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயில் பெரிய தேரின் மரச் சிற்பங்களை நின்று பார்த்தவருக்கு இதைச் சொல்லவே வேண்டாம்.

1927இல் விருதுநகர்–தென்காசி ரயில் பாதை ஸ்ரீவில்லிபுத்தூரையும் ராஜபாளையத்தையும் தொட்டது. 1936இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்லைத் தொடங்கினார். அந்தக் காலத்துத் தேக்கு அலமாரிக்குப் பூட்டு வேண்டுமென்றால் திண்டுக்கல் பக்கம்தான். வடக்கே அலிகார் பூட்டுக்கும் பித்தளைச் சாமானுக்கும் பேர்போனது. அளவெல்லாம் அங்குலத்தில். அங்குலத்தை எட்டாகப் பிரித்து, ஒவ்வொரு பாகத்தையும் 'நூல்' என்பார் தச்சர். மெட்ரிக் அளவுக்கான சட்டம் 1956இல் வந்தது. பட்டறைகளில் நூல் இன்னும் போகவில்லை.

அந்த 96 ஜெர்மனியிலிருந்து வந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அங்கே மரத்தூள் பலகையில் அலமாரி செய்த தொழிற்சாலைகள், வரிசையாகத் துளை போடும் இயந்திரங்களை வைத்தன. துளைக்குத் துளை 32 மில்லிமீட்டர் என்பதே அந்த முறையின் அடிப்படை. கைப்பிடிகளும் அதன் மடங்குகளாயின: 96, 128, 160. தாராளமயத்துக்குப் பிறகு மாடுலர் கிச்சன் நம் ஊர்களுக்கு வந்தபோது இந்தக் கணக்கும் கூடவே வந்தது.

இழுப்பறை ஓடுவதற்கான சேனல் விஷயம் இன்னும் சிக்கல். பழைய இழுப்பறை மரச் சட்டத்தின் மேல்தான் ஓடும்; மெழுகுவர்த்தியைத் தேய்த்துவிட்டால் போதும், வழுக்கிக்கொண்டு வரும். பால் பேரிங் சேனல் பொருத்த இரு பக்கமும் அரை அங்குலம் இடம் வேண்டும். பழைய பெட்டியோ கூட்டுக்குள் கச்சிதமாக அடைந்திருக்கும். சேனலுக்காக அதைப் பிரித்து ஒரு அங்குலம் குறுக்குவது, புறாவால் பொருத்தை வெட்டிப் பாழாக்குவது. தேய்ந்தது சட்டம் என்றால் சட்டத்தை மட்டும் மாற்றுவதுதான் முறை.

துளை தளர்ந்திருந்தால் அதற்கும் பழைய வைத்தியம் இருக்கிறது: மூங்கில் முளையைப் பசை தடவி அடித்து, மட்டமாக அறுத்து, அதில் புதிதாகத் துளையிடுவது. பித்தளைத் திருகாணி மென்மையானது; முறுக்கினால் தலை ஒடியும். அதனால் முதலில் இரும்புத் திருகாணியை ஏற்றி வழி செய்துவிட்டுப் பிறகு பித்தளையை இறக்குவார்கள். துருவேறிக் கிடக்கும் பழைய இரும்பைக் கழற்ற, அதன் தலையில் சூடு காட்டினால் இளகும்.

வீட்டைப் புதுப்பிக்கும்போது முதலில் வெளியே போவது இப்படிப்பட்ட பழைய தேக்கு அலமாரிதான். பெரும்பாலும் அதில் கெட்டிருப்பது இரண்டு கைப்பிடியும் ஒரு கீலும். தேக்கு அப்படியே இருக்கும். அதை விறகுக்கும் பழைய சாமான் கடைக்கும் தள்ளிவிடும் முன், ஊரில் மிச்சமிருக்கும் முதிய ஆசாரி ஒருவரை ஒருமுறை அழைத்துக் காட்டுங்கள். கடைக்குப் போனால் உடைந்த கைப்பிடியைக் கையோடு எடுத்துப் போங்கள்; மூன்று அங்குலம் என்று கேட்டு வாங்குங்கள்.