பன்னாட்டு மகளிர் உதைபந்தாட்டத்தில் அதிக கோல் அடித்தோர்

பன்னாட்டு மகளிர் உதைபந்தாட்டத்தில் மிக அதிக கோல்கள் அடித்தவர் கனடாவின் கிறிஸ்டின் சின்கிளேர். 2000 முதல் 2023 வரை தம் நாட்டுக்காக 331 போட்டிகளில் ஆடி 190 கோல்கள் அடித்துள்ளார். ஆண்களிலும் பெண்களிலும் வேறெவரும் இந்த எண்ணிக்கையை எட்டவில்லை. தென்னாசியாவில் இந்தியாவின் பாலா தேவி, நேபாளத்தின் சபித்ரா பண்டாரி, வங்காளதேசத்தின் சபினா காத்தூன் ஆகியோர் முன்னணியில் உள்ளனர். மன்னார் போன்ற, உதைபந்தாட்டம் வேரூன்றிய கரையோரங்களைக் கொண்டிருந்தும் இலங்கை இவ்வரிசையில் இன்னும் இடம்பெறவில்லை.

கணக்கிடும் முறை

இரு நாடுகளின் முதல்நிலை அணிகள் மோதும் போட்டிகளில் அடிக்கப்படும் கோல்கள் மட்டுமே கணக்கில் சேரும். கழகங்களுக்காகவும் வயதுப் பிரிவு அணிகளுக்காகவும் அடித்தவை சேரா. ஆட்ட நேரத்தில் கிடைக்கும் பெனால்டி கோல் சேரும். சமநிலையை முறிக்க இறுதியில் அடிக்கப்படும் பெனால்டிகள் சேரா.

ஒலிம்பிக்கில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் இடையே ஒரு வேறுபாடு உண்டு. ஆண்கள் பிரிவில் 1992 முதல் 23 வயதுக்குட்பட்டோர் அணிகளே ஆடுவதால் அந்தக் கோல்கள் பன்னாட்டுக் கணக்கில் வருவதில்லை. 1996-இல் தொடங்கிய மகளிர் ஒலிம்பிக் உதைபந்தாட்டத்தில் முதல்நிலை அணிகளே ஆடுகின்றன; அங்கு அடிக்கும் ஒவ்வொரு கோலும் வீராங்கனையின் கணக்கில் ஏறுகிறது.

வரலாறு

மகளிர் கோல் பட்டியல் பிந்தித் தொடங்கியதற்குத் தடைகளே காரணம். இங்கிலாந்து உதைபந்தாட்டச் சங்கம் 1921-இல் தன் மைதானங்களைப் பெண்களுக்கு மூடி, அரை நூற்றாண்டு வரை திறக்கவில்லை. பிரேசிலில் 1941 முதல் 1979 வரையும், மேற்கு ஜேர்மனியில் 1955 முதல் 1970 வரையும் தடை நீடித்தது. அக்காலப் பெண்கள் அடித்த கோல்களில் பெரும்பகுதி எந்தப் பதிவேட்டிலும் இல்லை. ஃபிஃபா ஏற்கும் முதல் மகளிர் பன்னாட்டுப் போட்டி 1971 ஏப்ரல் 17 அன்று பிரான்ஸ், நெதர்லாந்து அணிகளுக்கிடையே நடந்தது. முதல் மகளிர் உலகக் கிண்ணம் 1991-இல் சீனாவில் நடைபெற்றது. அத்தொடரில் அமெரிக்காவின் மிஷல் ஏக்கர்ஸ் 10 கோல்கள் அடித்தார். அவற்றில் 5 சீனத் தைபே அணிக்கெதிரான ஒரே போட்டியில் வந்தவை.

முதல் பெரும் சாதனை இத்தாலியின் எலிசபெத்தா விக்னோத்தோவுடையது. 110 போட்டிகளில் 107 கோல்கள் அடித்த அவரை, 1999 மே 22 அன்று பிரேசிலுக்கு எதிராகத் தம் 108-ஆவது கோலை அடித்து அமெரிக்காவின் மியா ஹாம் முந்தினார். 15 வயதில் நாட்டணிக்குள் வந்த ஹாம், 2004-இல் 158 கோல்களுடன் ஓய்வு பெற்றார். 2013 ஜூன் 20 அன்று தென்கொரியாவுக்கு எதிராக முதற்பாதியிலேயே 4 கோல்கள் அடித்து ஹாமைக் கடந்தவர் அபி வாம்பாக். உயரமும் துணிவும் கொண்ட அவர் தலையால் முட்டி அடிப்பதில் பேர்பெற்றவர். அவரது 184 கோல்களில் 77 அவ்வாறு வந்தவை.

சின்கிளேர் 2000-இல், 16 வயதில், போர்த்துக்கல்லின் அல்கார்வே கிண்ணத் தொடரில் அறிமுகமானார். 2012 லண்டன் ஒலிம்பிக் அரையிறுதியில் அமெரிக்காவுக்கு எதிராக மூன்று கோல்கள் அடித்தும் கனடா 3-4 எனத் தோற்றது. 2020 ஜனவரி 29 அன்று செயின்ட் கிட்ஸ் நெவிஸ் அணிக்கு எதிராக இரு கோல்கள் அடித்து வாம்பாக்கின் சாதனையை முறியடித்தார். 2021-இல் நடந்த தோக்கியோ ஒலிம்பிக்கில் அணித்தலைவியாகத் தங்கம் வென்று, 2023 டிசம்பரில் வான்கூவரில் விடைபெற்றார்.

நூறு கோல்களைக் கடந்தோருள் சிலர்

கிறிஸ்டின் சின்கிளேர் (கனடா): 331 போட்டிகளில் 190
அபி வாம்பாக் (அமெரிக்கா): 255 போட்டிகளில் 184
மியா ஹாம் (அமெரிக்கா): 276 போட்டிகளில் 158
கார்லி லாய்ட் (அமெரிக்கா): 316 போட்டிகளில் 134
கிறிஸ்டின் லில்லி (அமெரிக்கா): 354 போட்டிகளில் 130
பிர்கிட் பிரின்ஸ் (ஜேர்மனி): 214 போட்டிகளில் 128
அலெக்ஸ் மோர்கன் (அமெரிக்கா): 224 போட்டிகளில் 123
ஜூலி ஃபிளீட்டிங் (ஸ்கொட்லாந்து): 121 போட்டிகளில் 116
சுன் வென் (சீனா): 152 போட்டிகளில் 106
போர்ஷியா மொடிசே (தென்னாபிரிக்கா): 124 போட்டிகளில் 101

பிரேசிலின் மார்த்தா, ஜோர்தானின் மைசா ஜபாரா ஆகியோரும் நூறைக் கடந்தவர்கள். மார்த்தா உலகக் கிண்ணங்களில் மட்டும் 17 கோல்கள் அடித்துள்ளார். 2022 உலகக் கிண்ணம் வரை ஆண்களிலும் இதற்கு நிகர் இருக்கவில்லை. மொடிசே நூறு பன்னாட்டுக் கோல்களை எட்டிய முதல் ஆபிரிக்கர். நெதர்லாந்தின் விவியான் மீடெமா 2025 ஜூலையில், ஐரோப்பியக் கிண்ணத்தில் வேல்சுக்கு எதிராகத் தம் நூறாவது கோலை அடித்தார்.

பட்டியலில் அமெரிக்கர் நிறைந்திருப்பதற்குத் திறமை மட்டும் காரணமன்று. அந்நாட்டு அணி ஆண்டுதோறும் நிறையப் போட்டிகளில் ஆடுகிறது. இவ்வீராங்கனைகள் ஒப்பந்த ஊதியத்துடன் பதினைந்து, இருபது ஆண்டுகள் தொடர்ந்து விளையாடினார்கள். மொத்தத்தை விட்டுவிட்டு விகிதத்தைப் பார்த்தால் வரிசை மாறுகிறது. விக்னோத்தோவும் ஃபிளீட்டிங்கும் ஏறக்குறைய போட்டிக்கு ஒரு கோல் அடித்தவர்கள். சின்கிளேரின் சராசரி 0.57 மட்டுமே.

தென்னாசியா

தெற்காசிய நாடுகளுக்கான சாஃப் மகளிர் தொடர் 2010-இல் வங்காளதேசத்தின் கொக்ஸ் பசாரில் தொடங்கியது. முதல் ஐந்து தொடர்களை இந்தியாவும், 2022, 2024 தொடர்களை வங்காளதேசமும் வென்றன.

மணிப்பூரின் பாலா தேவி இந்தியாவுக்காக 50-க்கும் மேற்பட்ட கோல்கள் அடித்தவர். அந்த எல்லையைத் தொட்ட முதல் இந்தியப் பெண். 2014-இல் இஸ்லாமாபாத்தில் நடந்த சாஃப் தொடரில் மட்டும் 16 கோல்கள் அடித்தார். 2020-இல் ஸ்கொட்லாந்தின் ரேஞ்சர்ஸ் கழகத்தில் ஒப்பந்தமாகி, ஐரோப்பாவில் தொழில்முறையாக ஆடிய முதல் இந்திய வீராங்கனையானார்.

நேபாளத்தின் லம்ஜுங் மாவட்டத்தைச் சேர்ந்த சபித்ரா பண்டாரி அந்நாட்டின் முதன்மை கோல் வீராங்கனை. இஸ்ரேல், பிரான்ஸ் நாடுகளின் கழகங்களிலும் ஆடியவர். வங்காளதேச அணித்தலைவியாக இருந்த சபினா காத்தூன் 2022 சாஃப் தொடரில் 8 கோல்கள் அடித்து, தம் நாட்டுக்கு முதல் கிண்ணத்தைப் பெற்றுத் தந்தார்.

இவ்விருவரும் மதுரையின் சேது எப்.சி. கழகத்துக்கு ஆடியவர்கள்: சபினா 2018-இலும் சபித்ரா 2019-இலும். 2019-இல் அக்கழகம் இந்திய மகளிர் லீக் கிண்ணத்தை வென்றது. அந்த அணியில் கடலூரைச் சேர்ந்த இந்துமதி கதிரேசனும் இருந்தார். நடுக்கள வீராங்கனையான அவர், அதே ஆண்டு நேபாளத்தின் விராட்நகரில் நடந்த சாஃப் தொடரில் 4 கோல்கள் அடித்து, அதிக கோல் அடித்தோர் வரிசையில் சபித்ராவுக்கு இணையாக நின்றார். அவற்றில் ஒன்று இலங்கைக்கு எதிராக, இரண்டு அரையிறுதியில் வங்காளதேசத்துக்கு எதிராக. தமிழ்நாடு காவல்துறையில் உதவி ஆய்வாளராகப் பணியாற்றியபடியே நாட்டணிக்கு ஆடியவர் அவர்.

2025 ஜூலையில் இந்தியாவும் வங்காளதேசமும் ஆசியக் கிண்ணத்துக்குத் தகுதி பெற்றன. மியன்மாருக்கு எதிராக வங்காளதேசத்தின் ரிது பர்ணா சக்மாவும், தாய்லாந்துக்கு எதிராக இந்தியாவின் சங்கீதா பாஸ்போரும் தலா இரு கோல்கள் அடித்து இதைச் சாத்தியமாக்கினர்.

இலங்கையும் மன்னார்க் கரையோரமும்

2012 சாஃப் தொடர் கொழும்பில் நடந்தது. இலங்கை மகளிர் அணி அத்தொடரிலும் 2014, 2019 தொடர்களிலும் அரையிறுதி வரை சென்றது. இறுதிப் போட்டியில் இதுவரை ஆடியதில்லை. 2023 ஜனவரி முதல் ஆகஸ்ட் வரை இலங்கை உதைபந்தாட்டச் சம்மேளனத்தை ஃபிஃபா இடைநிறுத்தியதால் பன்னாட்டுப் போட்டிகள் முற்றாக நின்றன. அணி ஆடாத மாதங்களில் எந்த வீராங்கனையின் கணக்கிலும் கோல் சேராது.

மன்னார் தீவில் தலைமன்னார், பேசாலை, பெருநிலக் கரையில் வங்காலை, அரிப்பு என மீன்பிடியை நம்பிய ஊர்கள் நிறைந்த இப்பகுதியில் உதைபந்தாட்டம் ஆழ வேரூன்றியுள்ளது. 2018-இல் நடந்த வடக்கு கிழக்கு பிரீமியர் லீக் தொடரில் மன்னார் எப்.சி. ஆடியது, அது ஆண்களுக்கான தொடர். வடக்கில் பெண்கள் உதைபந்தாட்டம் பெரும்பாலும் பாடசாலைகளைச் சார்ந்தே வளர்ந்தது. யாழ்ப்பாணத்தின் தெல்லிப்பழை மகாஜனக் கல்லூரி மாணவிகள் அகில இலங்கைப் பாடசாலைப் போட்டிகளில் பலமுறை வாகை சூடியுள்ளனர். பாடசாலைக் காலம் முடிந்ததும் அத்தகைய பிள்ளைகளுக்கு ஆடுவதற்குப் போட்டிகள் அருகிவிடுகின்றன. இந்துமதிக்குக் கழகமும் லீக்கும் அரச வேலையும் இருந்தன; இங்குள்ள மாணவிக்கு அந்த மூன்றும் ஒருசேரக் கிடைப்பது அரிது.

மதிப்பீடு

திறமைக்கும் எண்ணிக்கைக்கும் இடையே நிற்பது ஆடக் கிடைக்கும் போட்டிகளே என்பதை இப்பட்டியல் தெளிவாகக் காட்டுகிறது. சின்கிளேருக்கு 331 போட்டிகளைக் கனடா அமைத்துக் கொடுத்தது.  இலங்கையில் மாவட்டந்தோறும் ஆண்டு முழுவதும் நடக்கும் மகளிர் லீக்கைச் சம்மேளனமும் மாவட்டச் சங்கங்களும் உருவாக்க வேண்டும். மன்னார் அதைத் தொடங்குவதற்கு ஏற்ற மாவட்டம்.