1973உம் 1974உம்: ஒரே பெயரில் இரண்டு மஸ்டாங்

அமெரிக்கக் கார்ப் பிரியர்களிடம் 1974 மஸ்டாங் பற்றிக் கதைத்தால் முகம் சுழிப்பார்கள். எண்ணெய் நெருக்கடி வந்ததாம், போர்ட் கம்பனி பயந்துபோய்க் காரைச் சின்னனாக்கிப் போட்டுதாம். கேட்க நல்ல கதைதான். திகதிகளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் இடிக்குது.

'மஸ்டாங் 2' என்ற அந்த 1974 மொடல் விற்பனைக்கு வந்தது 1973 செப்டெம்பரில். (அடுத்த வருட மொடலை முந்தின வருடமே இறக்குவது அங்கே வழக்கம்.) அரபு நாடுகளின் எண்ணெய்த் தடை வந்தது ஒக்டோபரில். ஒரு காரை வரைந்து, அச்சுகள் செய்து, தொழிற்சாலையைத் தயார்ப்படுத்த வருடக்கணக்கில் எடுக்கும். இன்னும் வராத நெருக்கடிக்கு ஆர் கார் செய்வது?

காரணம் வேறு. 1964இல் வந்த முதல் மஸ்டாங் பாரம் குறைந்தது, விலையும் குறைந்தது. பிறகு ஒவ்வொரு மாற்றத்திலும் அது ஊதிக்கொண்டே போனது. 1971இல் வந்த பெரிய உடல்தான் 1973 மொடலுக்கும். 1966இல் ஆறு இலட்சத்துக்கு மேல் விற்ற கார், 1973இல் சுமார் 1,34,000 தான் விற்றது. முதல் மஸ்டாங்குக்காகப் பாடுபட்ட லீ அயாகொக்கா 1970 முடிவில் போர்ட்டின் தலைவரானார். காரைத் திரும்பவும் சின்னதாக்க வேண்டும் என்பது அவருடைய பிடிவாதம்.

வந்தது முதல் காரைவிடவும் சின்னது! முன் சில்லுக்கும் பின் சில்லுக்கும் இடையிலான தூரம் 1973இல் 109 அங்குலம், 1974இல் 96.2. உள்ளே பல பாகங்கள் பின்டோ என்ற மலிவுக் காருடையவை. 1973இல் 5.8 லீற்றர் வி-8 எஞ்சின்வரை வாங்கலாம். 1974இல் வி-8 அறவே இல்லை. நாலு சிலிண்டர் ஒன்று, 105 குதிரைவலுவுடன் வி-6 ஒன்று. கூரை மடிக்கும் வகையும் போய்விட்டது.

ஆனாலும் 3,85,000க்கு மேல் தயாரானது. முந்தின வருடத்தைப்போல இரண்டரை மடங்குக்கும் அதிகம். எண்ணெய்த் தடை உதவியது இங்கேதான்: காரைப் பிறப்பிக்கவில்லை, விற்றுக் கொடுத்தது. அன்று காசு கொடுத்து வாங்கியவர்கள் வேலைக்குப் போய்வந்தார்கள், எழுதிவைக்கவில்லை. பிறகு எழுதியவர்கள் எஞ்சின் சத்தத்தில் மயங்கியவர்கள். ஓட்டத் தந்தால் நாங்களும் 1973ஐத்தான் கேட்போம், அது வேற விசயம்.

1975இல் வி-8 திரும்பி வந்தது. அந்த வருடம் விற்பனை கிட்டத்தட்டப் பாதியானது. அதுக்கும் வி-8தான் காரணம் எண்டு ஆரும் எழுதாமல் இருந்தால் சரி.