குறுந்தகடு இருக்கிறது, செருகத்தான் இடமில்லை

இன்று கடைகளில் விற்கும் மடிக்கணினிகள் பெரும்பாலானவற்றில் குறுந்தகடு டிரைவே கிடையாது. ஆனால் மதுரையிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் 2000களில் காசு கொடுத்து வாங்கிய விளையாட்டுக் குறுந்தகடுகள் பல வீட்டு அலமாரிகளில் உறையோடு அப்படியே கிடக்கின்றன. அவற்றை இன்றைய கணினியில் ஏற்ற முடியுமா? பலவற்றை முடியும், சிலவற்றை முடியாது. முடியாமல் போவதற்குக் காரணம் டிரைவ் இல்லாதது மட்டும்தான் என்று நினைத்தால் அது தவறு. உண்மைக் காரணத்தை அறிய கொஞ்சம் பின்னோக்கிப் போக வேண்டும்.

குறுந்தகட்டில் ஏன் வந்தன?

பிலிப்ஸ், சோனி நிறுவனங்கள் சேர்ந்து உருவாக்கிய குறுந்தகடு 1982ல் பாட்டுக் கேட்பதற்காகத்தான் விற்பனைக்கு வந்தது. பிறகுதான் அது கணினிக்கு வந்தது. ஒரு பிளாப்பியில் 1.44 எம்பி அடங்கும். ஒரு குறுந்தகட்டில் 650 எம்பி. அதாவது சுமார் 450 பிளாப்பிகள் ஒரே தட்டில்! 1993ல் வந்த மிஸ்ட், தி செவன்த் கெஸ்ட் போன்ற விளையாட்டுகளுக்காகவே மேல்நாடுகளில் பலர் குறுந்தகடு டிரைவ் வாங்கினார்கள்.

நம் ஊர்ப்பக்கம் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையம் கிடைத்தது 1995 ஆகஸ்ட் 15 அன்று, வி.எஸ்.என்.எல். மூலமாக. கிராமங்களுக்கு அது வர மேலும் சில ஆண்டுகள் ஆயின. மதுரை மாவட்டம் மேலூர் வட்டாரத்தில் 2001ல் 'சாரி' என்ற திட்டம் தொடங்கியது. சென்னை ஐ.ஐ.டி.யில் உருவான கார்டெக்ட் என்ற கம்பியில்லாத் தொலைபேசி நுட்பத்தைக் கொண்டு கிராமங்களில் இணைய மையங்கள் திறந்தார்கள். அக்காலத்தில் இது பெரிய சாதனை. ஆனால் அதன் வேகம் நொடிக்கு 35 அல்லது 70 கிலோபிட்தான். 70 கிலோபிட் முழுதாகக் கிடைத்தாலும் ஒரு குறுந்தகட்டு விளையாட்டை இறக்க 20 மணி நேரத்துக்கு மேல் ஆகும். நடுவில் மின்சாரம் போனால் அவ்வளவுதான்.

2004ல் மத்திய அரசு அகலப்பட்டைக் கொள்கையை அறிவித்தபோது, 256 கிலோபிட் இருந்தாலே அது அகலப்பட்டை என்றது. அந்த வேகத்தில் ஒரு குறுந்தகட்டுக்கு ஐந்தரை மணி நேரம், 4.7 ஜிபி டிவிடிக்கு 40 மணி நேரம். எனவே விளையாட்டுகள் மதுரைக்கு கம்பி வழியாக வரவில்லை, பஸ்ஸிலும் ரயிலிலும் பார்சலாகத்தான் வந்தன. 'டிஜிட்' போன்ற மாத இதழ்கள் தங்களோடு தட்டு இணைத்துக் கொடுத்ததும் இதனால்தான்.

பூட்டு போட்ட கதை

1990களின் கடைசியில் குறுந்தகடு எழுதும் ரைட்டர்களின் விலை குறைந்தது. கூடவே திருட்டுப் பிரதிகளும் பெருகின. விளையாட்டு நிறுவனங்கள் சும்மா இருக்குமா? 1998ல் மேக்ரோவிஷன் நிறுவனம் 'சேஃப்டிஸ்க்' என்ற பூட்டைக் கொண்டு வந்தது. சாதாரண ரைட்டரால் நகலெடுக்க முடியாத ஓர் அடையாளத்தைத் தட்டிலேயே வைத்துவிடுவார்கள். ஒவ்வொரு முறை விளையாடும்போதும் கணினி அந்த அடையாளத்தைத் தேடும். இல்லாவிட்டால் விளையாட்டு தொடங்காது.

இதைச் சரிபார்க்க 'செக்டிரைவ்' என்ற சிறு மென்பொருள் தேவைப்பட்டது. அது விண்டோஸின் அடிமடியில் இருந்து இயங்கியது. 2007ல் அதில் ஒரு பாதுகாப்பு ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டது. 2015ல் விண்டோஸ் 10 வந்தபோது மைக்ரோசாஃப்ட் அதை அடியோடு விலக்கியது. அதே ஆண்டு செப்டம்பரில் வந்த அப்டேட் விண்டோஸ் 7, 8 ஆகியவற்றிலும் அதை முடக்கியது.

விளைவு? பேட்டில்ஃபீல்டு 1942 போன்ற விளையாட்டுகளின் அசல் தட்டு கையில் இருந்தாலும், டிரைவே இருந்தாலும், புதிய விண்டோஸில் அது தொடங்காது. பூட்டை உடைத்த திருட்டுப் பிரதிக்கு இந்தத் தொல்லை இல்லை. திருடனுக்காகப் போட்ட பூட்டு, கடைசியில் காசு கொடுத்து வாங்கியவரையே வெளியே நிறுத்திவிட்டது!

இன்று என்ன வழி?

பூட்டு இல்லாத விளையாட்டுகளுக்கு வழி எளிது. யு.எஸ்.பி.யில் செருகும் வெளி டிரைவ் வாங்கலாம். அல்லது டிரைவ் உள்ள பழைய கணினியில் தட்டை ஒரு ஐ.எஸ்.ஓ. கோப்பாக மாற்றி, பென் டிரைவில் எடுத்து வரலாம். 2012ல் வந்த விண்டோஸ் 8 முதல், அந்தக் கோப்பை இருமுறை சொடுக்கினாலே அது ஒரு டிரைவ் போலத் திறந்துகொள்ளும்.

இதில் இரண்டு சிக்கல்கள் உண்டு. குவேக் (1996) போன்ற விளையாட்டுகளில் இசை தனிப் பாட்டுத் தடங்களாக இருக்கும். ஐ.எஸ்.ஓ. கோப்பில் அவை வராது. பின், கியூ என்ற இரு கோப்புகளாக எடுத்தால்தான் இசையும் கிடைக்கும். அடுத்து, 1990களின் பல விளையாட்டுகளில் இன்ஸ்டால் செய்யும் நிரல் 16 பிட்டில் எழுதப்பட்டது. 64 பிட் விண்டோஸில் அது ஓடாது. டாஸ் விளையாட்டு என்றால் 2002 முதல் இலவசமாகக் கிடைக்கும் டாஸ்பாக்ஸ் உதவும். மற்றவற்றுக்குக் கணினிக்குள் ஒரு மெய்நிகர் கணினி அமைத்து, பழைய விண்டோஸை ஏற்ற வேண்டும்.

பூட்டு உள்ளவற்றுக்கு விற்ற நிறுவனமே மனது வைத்தால் உண்டு. 2008ல் பிளிசார்ட் நிறுவனம் ஸ்டார்கிராஃப்ட், வார்கிராஃப்ட் 3 இரண்டுக்கும் அப்டேட் வெளியிட்டு, தட்டு இல்லாமலே விளையாட வழி செய்தது. அதே 2008ல் போலந்தில் தொடங்கிய ஜி.ஓ.ஜி. தளம், பழைய விளையாட்டுகளைப் பூட்டு இல்லாமல் விற்கிறது. நல்லதுதான். ஆனால் ஏற்கனவே வாங்கியவர் ஒரே பொருளுக்கு இரண்டாம் முறை பணம் கட்ட வேண்டியிருக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் (1957) பிரிவு 52ன்படி, கணினி நிரலை முறையாக வைத்திருப்பவர் அது தொலைந்தாலோ கெட்டாலோ பயன்படுத்திக்கொள்ள ஒரு காப்புப் பிரதி எடுத்துக்கொள்ளலாம். 2012 திருத்தத்தில் வந்த 65ஏ பிரிவு, பதிப்புரிமையை மீறும் நோக்கத்தோடு பாதுகாப்புப் பூட்டை உடைப்பதைக் குற்றம் என்கிறது. ஆகவே, சொந்தத் தட்டைத் தன் உபயோகத்துக்காக நகலெடுத்து வைப்பது வேறு, அதை ஊருக்கு விற்பது வேறு.

உரிமை இருந்தாலும் தட்டு காத்திருக்காது. குறுந்தகட்டில் தகவல் இருப்பது, படம் அச்சிட்ட மேல்பக்கத்துக்குச் சற்றே அடியில். எனவே கீழ்ப்பக்கக் கீறலைவிட மேல்பக்கக் கீறல் மோசமானது. வீட்டில் எழுதிய தட்டுகளில் உள்ள சாயமோ வெயிலிலும் சூட்டிலும் வெளுக்கும். மதுரைக் கத்திரி வெயிலில் மாடி அறைப் பெட்டிக்குள் கிடக்கும் தட்டுகள் எத்தனை கோடையைத் தாங்கும்?

விளையாட்டு மட்டுமல்ல, கல்யாண வீடியோ, குழந்தையின் முதல் பிறந்தநாள் படங்கள், கல்லூரி ப்ராஜெக்ட் என்று பலவும் அதே பெட்டியில்தான் இருக்கின்றன. அவற்றுக்குப் பூட்டும் இல்லை, மறுபடி விற்கும் கடையும் இல்லை. டிரைவ் உள்ள கணினி தெரிந்தவர் வீட்டில் ஒன்றாவது மிச்சமிருக்கும்போதே நகலெடுத்து வைப்பது புத்திசாலித்தனம்.