தனிச் சட்டத்திலிருந்து ஸ்ட்ரட் பார் வரை: வண்டலூர் கார்களும் உலோகத் தேர்வும்

ஸ்ட்ரட் பார் என்பது காரின் முன்புறத்தில் இடது, வலது சக்கரங்களின் அதிர்வுதாங்கிகள் மேலே பொருந்தியிருக்கும் இரு மேடுகளைக் குறுக்காக இணைக்கும் தண்டு ஆகும். அம்மேடுகள் ஸ்ட்ரட் டவர் எனப்படும். வளைவில் வேகமாகத் திரும்பும்போது இவை சிறிதளவு அசைகின்றன. அதனால் சக்கரத்தின் சாய்வு மாறி, ஓட்டுநர் எதிர்பார்த்தபடி வண்டி திரும்புவதில்லை. அந்த அசைவைக் குறைப்பதே தண்டின் பணி. அதை எஃகில் செய்வதா, அலுமினியத்தில் செய்வதா, கார்பன் இழையில் செய்வதா என்ற கேள்வி இன்று பரவலாகக் கேட்கப்படுகிறது. தாம்பரத்துக்குத் தெற்கே ஜிஎஸ்டி சாலையோரம் உருவான கார்களின் வரலாறு இதற்கு விடை காண உதவுகிறது.

தனிச் சட்டக் காலம்

வண்டலூரில் இயங்கிய ஸ்டாண்டர்டு மோட்டார் பிராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனம் தொடக்கத்தில் வேன்கார்டு காரையும், 1961 முதல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரையும் தயாரித்தது. இவ்விரண்டும் தனிச் சட்டம் கொண்டவை. கனமான எஃகுச் சட்டமே இயந்திரத்தையும் சக்கரங்களையும் சுமந்தது. உடல்கூடு அதன்மேல் திருகாணிகளால் பொருத்தப்பட்டது.

ஹெரால்டு இங்கிலாந்தில் 1959இல் அறிமுகமானபோதே சட்டத்துடன் கூடிய கார்கள் பழைய பாணியாகிவிட்டன. பிரான்சின் சிட்ரோயன் நிறுவனம் 1934இலேயே சட்டமும் உடலும் ஒன்றான காரைப் பெருமளவில் தயாரிக்கத் தொடங்கியிருந்தது. நம் நாட்டு அம்பாசிடரும் ஒற்றை உடல் கார்தான். ஆயினும் ஹெரால்டுக்குச் சட்டம் தேவைப்பட்டதற்குக் காரணம் உண்டு. ஸ்டாண்டர்டு நிறுவனத்துக்கு உடல்கூடு செய்து தந்த ஆலையைப் போட்டி நிறுவனம் 1953இல் வாங்கிவிட்டது. எனவே உடலைப் பல துண்டுகளாக வெவ்வேறு இடங்களில் செய்து, ஒரு சட்டத்தின்மேல் சேர்க்கும் முறை கைக்கொள்ளப்பட்டது.

ஒற்றை உடலும் ஸ்ட்ரட் டவரும்

தீப்பெட்டியின் உள்தட்டை மட்டும் எடுத்து முறுக்கினால் எளிதில் முறுகும். அதையே மேலுறைக்குள் செருகி முறுக்கினால் எதிர்க்கும். ஒற்றை உடல் காரின் வலிமையும் இப்படிப்பட்ட மூடிய பெட்டி அமைப்பில்தான் இருக்கிறது. ஆனால் இயந்திர அறை மேலே திறந்த பெட்டி. அதன் மூடி திருகாணியால் இறுக்கப்பட்டதன்று, திறந்து மூடும் கதவு மட்டுமே.

இந்தத் திறந்த அறையின் இரு பக்கச் சுவர்களிலேயே சுமையை ஏற்றும் முறையை அமெரிக்கப் பொறியாளர் ஏர்ல் மெக்ஃபர்சன் வகுத்தார். 1950இல் காட்சிக்கு வந்த இங்கிலாந்து ஃபோர்டின் கான்சல், ஜெஃபிர் கார்கள் இம்முறையைப் பரப்பின. உறுப்புகள் குறைவு, செலவும் இடமும் மிச்சம். அதற்கு ஈடாக, முன்சக்கரங்கள் தரும் பக்கவிசையின் ஒரு பகுதி டவரின் உச்சியைத் தாக்குகிறது.

இந்தியாவில் 1983இல் வந்த மாருதி 800 இம்முறையை வீதிதோறும் கொண்டுவந்தது. வண்டலூர் ஆலையின் கடைசிக் காரான ஸ்டாண்டர்டு 2000, 1985இல் வெளிவந்தது. ரோவர் எஸ்டி1 என்ற ஆங்கிலக் காரைத் தழுவிய இதுவும் முன்புறம் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட் கொண்டது. தனிச் சட்டத்தில் தொடங்கிய ஆலை ஸ்ட்ரட் டவரில் முடிந்தது எனலாம். புதிய உடலுக்குள் வேன்கார்டு வழிவந்த பழைய இயந்திரத்தை வைத்ததால் காரின் எடைக்கு ஆற்றல் போதவில்லை, விலையும் அதிகம். 1988இல் உற்பத்தி நின்றது. பதினோரு ஆண்டுகள் கழித்து, அதே சாலையில் மறைமலைநகரிலிருந்து ஃபோர்டு ஐகான் வந்தது. அதன் முன்புறமும் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட்தான்.

தண்டு வந்த வழி

1960களில் அமெரிக்க ஃபோர்டு ஃபால்கன் கார்கள் மான்டி கார்லோ ரேலியில் ஓடின. அக்கார்களின் இரு பக்க மேடுகளை இணைத்த குறுக்குத் தண்டு 'மான்டி கார்லோ பார்' எனப் பெயர் பெற்றது. மேடுகளைப் பின்சுவரோடு இணைத்த மற்றொரு தாங்கிக்கு 'ஏற்றுமதித் தாங்கி' என்று பெயர். கரடுமுரடான சாலைகள் உள்ள நாடுகளுக்குச் சென்ற மஸ்டாங் கார்களில் அது பொருத்தப்பட்டது.

எந்த உலோகம்?

வலிமை வேறு, விறைப்பு வேறு. வலிமை என்பது உடையாமல் தாங்கும் திறன். விறைப்பு என்பது நீளாமல், வளையாமல் நிற்கும் திறன். இத்தண்டுக்குத் தேவை விறைப்பு. விலையுயர்ந்த உயர்வலு எஃகும் சாதாரண எஃகும் விறைப்பில் ஏறக்குறைய ஒன்றே.

எஃகின் யங் குணகம் சுமார் 200 கிகாபாஸ்கல், அலுமினியத்துக்கு 70. எஃகின் அடர்த்தி 7.85, அலுமினியத்துக்கு 2.7. விறைப்பும் எடையும் ஏறத்தாழ ஒரே விகிதத்தில் குறைகின்றன. எனவே ஒரே நீளமுள்ள நேரான தண்டில் அதே இழுவிறைப்பைப் பெற, அலுமினியத்தின் குறுக்குவெட்டு ஏறக்குறைய மூன்று மடங்காக வேண்டும். 1 மீட்டர் நீளம், 25 மி.மீ. விட்டம், 2 மி.மீ. சுவர் கொண்ட எஃகுக் குழாய் சுமார் 1.13 கிலோ. அதற்கு ஈடான அலுமினியத் தண்டு 1.12 கிலோ. எடை மிச்சம் என்பது இங்கே பெயரளவே.

வடிவமே முதன்மை

மேற்சொன்ன எஃகுக் குழாயை 3000 நியூட்டன் விசை அமுக்கினால் அது 0.1 மி.மீ. மட்டுமே குறுகும். இயந்திரத்துக்கு இடம்விட, அதே குழாயை 5 செ.மீ. மேலே வளைத்துக் கொண்டுசென்று, இரு முனைகளையும் கீல்போல் அசையும்படி பொருத்துவோம். இப்போது முனைகள் கிட்டத்தட்ட 4 மி.மீ. நெருங்கும். உலோகம் மாறவில்லை; வளைவு ஒன்றே ஏறக்குறைய நாற்பது மடங்கு இழப்பைத் தந்துவிட்டது.

வளைந்தே தீரவேண்டிய தண்டில் அலுமினியம் உதவுவதுண்டு. அதே எடைக்கு 40 மி.மீ. பருமனுள்ள அலுமினியக் குழாய் செய்யலாம். அதன் வளைவிறைப்பு முன்னதைப்போல் 2.5 மடங்கு. இது பருமனால் வந்த பயன். எஃகையும் 40 மி.மீ. பருமனில் செய்யலாம். ஆனால் அதே எடையில் சுவர் 1.2 மி.மீ. அளவுக்கு மெலிந்து, எளிதில் நசுங்கும். துருவுக்கும் விரைவில் இரையாகும்.

கார்பன் இழை இழைகளின் திசையில் மிக விறைப்பானது. பல திசைகளில் நெய்த இழையில் அந்த மேன்மை பெரிதும் குறையும். முனைகளில் உலோகத்தோடு ஒட்டும் இணைப்பே அதன் பலவீனம். இயந்திர வெப்பத்தில் மலிவான பிசின் இளகவும் கூடும்.

கடற்காற்றும் துருவும்

தென்சென்னைப் புறநகர்களுக்கு உரிய கவலை ஒன்று உண்டு. உப்புக்காற்றும் ஈரமும் சேரும்போது, எஃகு டவரின்மீது நேரே படும் அலுமினியத் தகடு அரிக்கப்படும். கார்பன் இழை அலுமினியத்தைத் தொட்டால் அரிப்பு இன்னும் விரைவு. 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளில் கார்கள் நீரில் நின்றதை இங்குள்ளோர் அறிவர். இத்தகைய ஊரில் உலோகங்களுக்கு இடையே பூச்சோ காப்புத் தகடோ இன்றியமையாதது.

டவரின் தகடே துருவேறியிருந்தால் எந்தத் தண்டும் அதைக் காக்காது. அது சரியாக இருந்தால், தேர்வின் வரிசை இது: முதலில் நேரான வடிவம், அடுத்து அசையாத தடித்த முனைத்தகடுகள், பிறகு போதிய பருமன், கடைசியில் உலோகம். இந்த வரிசையில் பார்த்தால், பெரும்பாலான சாலைக் கார்களுக்கு நன்கு பூச்சிட்ட எஃகுக் குழாயே போதும். அது மலிவு, உள்ளூர்ப் பட்டறையிலேயே பற்றவைக்கவும் முடியும்.